போட்டோ முக்கியமா, பையன் முக்கியமா?

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து தங்கமணியின் ஒரே நச்சரிப்பு, பாபிகொண்டலு. போன டிசம்பரில் ஒருவழியாகக் கூட்டிப் போனேன். ராத்திரி ரயிலில் ராஜமுந்திரி, அங்கிருந்து வேனில் படகுத்துறை. கிழக்குத் தொடர்ச்சி மலையைப் பிளந்துகொண்டு கோதாவரி வருகிற இடம். ஆறு குறுகக் குறுக, மேல்தளத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. அவ்வளவு அழகு!

சொல்ல வந்தது வேறு. ஏறும்போது எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். அரை மணியில் பாதிப் பேர் கழட்டியாச்சு. "போட்டோல அசிங்கமா இருக்குப்பா" என்று என் பையனும். படகுக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை.

2019 செப்டம்பர் 15 அன்று, இதே ஆற்றில் கச்சுலூரு பக்கத்தில், வெள்ளத்தில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அது ஞாபகம் வந்ததும் பையனுக்குத் திரும்ப மாட்டிவிட்டேன். முறைத்தான், முறைக்கட்டும். பக்கத்துக் குடும்பத்திடம் சொல்லத்தான் கூச்சமாகிவிட்டது. அது இன்னும் உறுத்துகிறது.

கடனுக்கு ஜாமீன் கேட்கிற ஆள் நான். தவணை ஒழுங்காக வரும்வரை ஜாமீன் வெறும் காகிதம்தான். அதற்காக யாராவது கிழித்துப் போடுவார்களா?

போகிறவர்களுக்கு:
- நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆறு பெருகியிருந்தால் முன்பணம் போனாலும் திரும்பிவிடுங்கள்.
- குழந்தைக்குச் சின்ன அளவு ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள்.
- கரையில் மூங்கில் சிக்கன் கிடைக்கும். விடாதீர்கள் :-)

பக்கத்து சீட்டுக்காரர் கழட்டினால், கூச்சப்படாமல் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.