எந்தச் சட்டக் கல்லூரி?

கணியூர்க் குடியானவர் மகனொருவனுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்ததென்று கொள்வோம். ஒன்று, மேனிலைப் பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கும் கோயம்புத்தூர் அரசினர் சட்டக் கல்லூரி. மற்றொன்று, அகில இந்தியப் பொதுத் தேர்வால் சேர்க்கும் திருச்சிராப்பள்ளித் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இரண்டிலும் படிப்பு ஐந்தாண்டே. முன்னதில் செலவு சொற்பம். பின்னதிலோ ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில்.

பெயர் பெற்றதையே பற்றுக என்பர் பலர். பெரிய கம்பெனிகளில் உத்தியோகம் நாடுவோனுக்கு அது தக்க யோசனையே. ஆயின் உடுமலைப்பேட்டை நீதிமன்றத்தில் வாய்க்கால் வழக்கும், திருப்பூர்ப் பனியன் தொழிலாளியின் கூலி வழக்கும் நடத்த விழைவோனுக்கு அஃதொவ்வாது. எங்குப் பயின்றாலும், வழக்காட விரும்புவோர் 2010 முதல் உள்ள அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேறியே ஆகவேண்டும். அதன் பின்னரும் மூத்த வக்கீலிடம் சில ஆண்டுகள் அற்ப வரும்படியிலேயே தொழில் பழக வேண்டும். அக்காலத்தில் கடன்காரன் வாயிலில் நிற்பானாயின், ஏழையின் வழக்கை ஏற்க எவனுக்குத் துணிவு வரும்? கடனே அவனுடைய கட்சிக்காரரைத் தெரிந்தெடுத்துவிடும்.

ஆதலின், நண்பர்காள்! கல்லூரியின் பெயரை வினவுமுன், யாருக்காக வாதாடப் போகின்றோம் என்பதை நும் உள்ளத்தையே வினவுமின்.