மூன்று மணி அலாரமும் ஆடி மாத வாடகையும்

அதிகாலை மூன்று மணி. தெருவே தூங்குகிறது. கல்யாண மண்டபத்தில் மணமகள் அறையில் மட்டும் விளக்கு எரிகிறது. நாலரையிலிருந்து ஆறுக்குள் முகூர்த்தம் என்றால், மேக்கப் போடுபவர் மூன்று மணிக்காவது பெட்டியைத் திறந்தாக வேண்டும். ஜடை, மேக்கப், சேலைக்கட்டு என்று இரண்டு மணி நேரம் பறந்துவிடும். நடுநடுவே "பொண்ணு ரெடியா?" என்று கதவைத் தட்டும் அத்தைகள் தனி.

அழகுக்கலைப் பயிற்சி முடித்து, சான்றிதழோடு வெளியே வரும் பெண்கள் பலரின் கனவு இந்த அறைதான். ஒரு கல்யாணத்துக்கு வாங்கும் தொகை, சின்ன பார்லரில் ஒரு மாதம் நின்று வாங்கும் சம்பளத்தைத் தாண்டும் என்று தோழி சொல்லியிருப்பாள். அது பொய்யில்லை. பெயர் எடுத்தவர்களுக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் காலண்டர் விட்டுப்போயிருக்கிறது.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து, சுபமுகூர்த்தம் என்று குறித்த நாட்களை எண்ணிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் இல்லை. பல வீடுகளில் புரட்டாசியிலும் இல்லை. மீதி மாதங்களிலும் விரல்விட்டு எண்ணும் நாட்கள்தான். அதைவிடப் பெரிய சிக்கல், எல்லாக் கல்யாணமும் அதே நாட்களில் வருவது. தை மாதத்து முகூர்த்தம் ஒன்றுக்கு மூன்று வீட்டிலிருந்து போன் வரும். ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். மற்ற இரண்டும் கைநழுவிப் போகும். அடுத்த வாரம் முழுக்க போன் சும்மா கிடக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதுவே ஒரு வாசல். முகூர்த்த நாளில் மூத்த மேக்கப் கலைஞர்கள் எல்லோருக்கும் உதவிக்கு ஆள் வேண்டும். மாமியார், நாத்தனார், தங்கை என்று கூடவே நாலைந்து பேருக்குச் சேலை கட்டிவிட வேண்டியிருக்கும். தனியாகப் பெயர்ப்பலகை போடுவதற்கு முன் ஒரு வருடம் இப்படிப் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு, அழுது வீங்கிய கண்ணைச் சமாளிப்பது எப்படி, மே மாத வியர்வையில் மேக்கப் நிற்க என்ன செய்வது என்பதெல்லாம் வகுப்பில்லாமலே வந்துவிடும்.

காலண்டரின் ஓட்டையை அடைக்கவும் வழி இருக்கிறது. கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணங்கள் ஆடி பார்ப்பதில்லை. அவர்களுக்குத் தவக்காலம்தான் தடை. முஸ்லிம் வீடுகளில் ரமலான் மாதத்தில் பெரும்பாலும் நிக்காஹ் வைப்பதில்லை. எல்லா வீடுகளுக்கும் பழக்கமானவருக்கு மாதங்கள் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு மார்கழி சபாக்களில் பரதநாட்டிய மேக்கப் வேலை உண்டு. அது வேறு வித்தை. மேடை விளக்குக்கான கண் தீட்டலும் தலைசாமானும் தனியாகக் கற்க வேண்டியவை.

அடுத்தது அந்த மூன்று மணி. இதைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் யாரும் பேசுவதில்லை. இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பும் பெண்ணை யார் வண்டியில் கொண்டுபோய் விடுவது? கைக்குழந்தை இருந்தால் யாரிடம் விடுவது? அண்ணனோ கணவரோ ஒரு மாதம் ஆர்வமாக வருவார்கள். ஆறாவது மாதம்? இந்தப் பேச்சை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிக்காமல் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, கடைசி நேரத்தில் கையைப் பிசைந்தவர்கள் உண்டு. ஒருவர் கல்யாண நாளில் அப்படி நேர்ந்தால் அந்த ஊரில் அடுத்த போன் வராது.

இரவு நேரம் முடியாதவர்களுக்கு, சமீப வருடங்களில் பெருகியிருக்கும் சேலை ப்ரீ-ப்ளீட்டிங் நல்ல இடம். பட்டுச்சேலையை மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்தி, பெட்டியில் மடித்துக் கொடுக்கும் வேலை. நல்ல மேசை, இஸ்திரிப் பெட்டி, அளவு எடுக்கும் கண் இருந்தால் போதும். குழந்தை பள்ளிக்கூடம் போன நேரத்தில் வீட்டிலேயே செய்யலாம். மேக்கப் படம் மாதிரி இன்ஸ்டாகிராமில் பளபளக்காது என்பதால் பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. முகூர்த்த வாரத்தில் மேசை காலியாக இருக்காது.

இனி சொந்தக் கடை. இந்தப் பேச்சு இப்போது பல வீடுகளில் ஓடுகிறது.

"அம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை காலியாகுதாம்."

"அட்வான்ஸ் எவ்ளோ கேக்குறாங்க?"

"ஒரு லட்சம். லோன் போட்டுக்கலாம்மா."

"சரிடி, ஆடி மாசம் வாடகைக்கு என்ன பண்ணுவே?"

அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. முத்ரா திட்டத்தில் ஐம்பதாயிரம் வரை சிசு கடன், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை கிஷோர் கடன், பிணை இல்லாமல் கேட்கலாம். ஆனால் கடன் கடன்தான். இரண்டு லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். அதோடு வாடகை, கரன்ட், தண்ணீர், உதவிக்கு ஒரு பெண்ணின் சம்பளம். கல்யாண மேக்கப்பை மட்டும் நம்பினால் ஆடியில் கடை முட்டிக்கொள்ளும். கடையைத் தாங்குவது புருவம் திருத்துவதும் முடி வெட்டுவதும்தான். சின்னத் தொகை, ஆனால் மாதாமாதம் வரும் அதே முகங்கள். எனவே கடை பார்க்கும்போது மெயின் ரோடா என்பதைவிட, நடந்து வரும் தூரத்தில் எத்தனை வீடு, பெண்கள் கல்லூரியோ ஹாஸ்டலோ இருக்கிறதா என்று பார்ப்பது உபயோகம். தலை அலசத் தண்ணீரும் கழிவுநீர் போக வழியும் இருக்கிறதா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

கிராமப்புறப் பெண்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சாப்பாட்டோடு இலவசமாகப் பயிற்சி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பார்லர் பயிற்சி சுமார் ஒரு மாதம்தான். ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம். எங்கே படித்தாலும், வகுப்பில் பக்கத்து பெஞ்ச் தோழியின் புருவத்தையே திரும்பத் திரும்பச் செய்து பழகியிருப்பார்கள். கடையில் வருவது மங்கு விழுந்த கன்னம், அம்மைத் தழும்பு, மெலிந்த வகிடு. மாநிறப் பெண்ணை வெள்ளையாக்கச் சொல்லி நிற்கும் சித்தியையும் சமாளிக்க வேண்டும். அவர் சொல்லைக் கேட்டு நிறம் கூட்டினால் போட்டோவில் முகம் சாம்பல் பூத்திருக்கும். பழி மேக்கப் போட்டவருக்கு.

அதனால்தான் முதல் ஒன்றிரண்டு வருடம் ஒரு நல்ல சலூனில் சம்பளத்துக்கு நிற்பது கௌரவக் குறைச்சல் இல்லை. 2000-ல் சென்னையில் ஒரே கடையாகத் தொடங்கிய நேச்சுரல்ஸ் உட்பட, சங்கிலிக் கடைகள் இப்போது சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டன. நாள் முழுக்க நிற்க வேண்டும், ஞாயிறு லீவு கிடைக்காது, தீபாவளிக்கு முந்தைய வாரம் சாப்பிடவே நேரம் இருக்காது. எல்லாம் உண்மை. ஆனால் கைக்குப் பழக்கம் வருவது எண்ணிக்கையில்தான். சேரும்போது ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கடை என்றால் வேறு கடை பார்ப்பது மேல்.

சினிமா ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சேதி. வெகுகாலம் திரைத்துறைச் சங்கத்தில் மேக்கப் கலைஞர் அட்டை ஆண்களுக்குத்தான். பெண் என்றால் தலை அலங்காரம் மட்டும். சாரு குரானா என்ற மேக்கப் கலைஞரும் சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 நவம்பரில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்று ஒரு பெண் மேக்கப் பெட்டியோடு படப்பிடிப்புக்குப் போக முடிகிறதென்றால், அந்த வழக்கும் ஒரு காரணம்.

எந்த வழியில் போனாலும் உடம்பு கூடவே வரும். பல்லில் நூலைக் கடித்துக் குனிந்தே புருவம் எடுத்தால் கழுத்து பிடிக்கும். கையுறை இல்லாமல் தினமும் ஹேர் டை கலந்தால் விரல் வெடிக்கும். வாடிக்கையாளருக்கும் அப்படியே; பல ஹேர் டைகளில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு அலர்ஜி தரும். காதின் பின்பக்கம் ஒரு துளி வைத்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். "அவசரம், நாளைக்கே ஃபங்ஷன்" என்று வரும் புது வாடிக்கையாளரிடம், முடியாது என்று சொல்லி அந்தக் காசை விடுவது முதல் வருடத்தில் கஷ்டம்தான். அந்த அக்கா முகம் சுளித்துக்கொண்டு போவார். அடுத்த முறை இரண்டு நாள் முன்னதாக வருவார்.