மண்ணை அளக்கும் அரசு மூச்சை அளக்க மறுப்பதேன்?

2021 மே 10 அன்று திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில், ஆக்சிஜன் டேங்கர் வந்து சேரத் தாமதமானதால் 11 கோவிட் நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். இது அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த அலையில் பிழைத்து, பாகாலா போன்ற சுற்றுவட்டார ஊர்களுக்குத் திரும்பியவர்களில் எத்தனை பேர் இன்னும் பழைய உடல்நலத்தைப் பெறவில்லை? அதைச் சொல்ல நாடு தழுவிய கணக்கெடுப்பு எதுவும் இல்லை. எண்ணப்படாத நோய்க்கு நிதி ஒதுக்க வேண்டியதில்லை என்பதே இந்த மௌனத்தின் பொருள்.

நீண்டகால கோவிட் கற்பனையல்ல. தொற்று கண்ட மூன்று மாதங்களுக்குப் பின்னும், வேறு காரணம் கூற முடியாத அறிகுறிகள் குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிப்பதே இந்நோய் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. அதே மாதத்தில் ஒன்றிய சுகாதார அமைச்சகமும் சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டின்படி, 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 நோயாளிகளில் 6.5 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்துள்ளனர். மருத்துவமனையின் வாசலையே மிதிக்காமல் வீட்டில் காய்ச்சலோடு கிடந்த ஏழைகள் அந்தப் பதிவேட்டில் இல்லை.

அளவுகோல் யாருடையது?

நோயின் கடுமையை அளக்க முடியாது என்ற சாக்கு எடுபடாது. நெதர்லாந்து மருத்துவர்கள் 2020லேயே, பூஜ்ஜியம் முதல் நான்கு வரையிலான செயல்திறன் அளவுகோலை முன்வைத்தனர். பிரிட்டனின் யார்க்‌ஷயர் அளவுகோல் மூச்சுத் திணறல், களைப்பு, வலி, மறதி ஆகியவற்றுக்கு மதிப்பெண் தருகிறது. அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகம், அன்றாட வாழ்க்கை எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டுள்ளது என்ற எளிய கேள்வியை வீட்டுக் கணக்கெடுப்பில் சேர்த்தது. 2023 மார்ச்சில் 19 லட்சம் பேர் நீண்டகால கோவிட் அறிகுறிகள் இருப்பதாகக் கூறினர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அன்றாட வாழ்க்கை பெரிதும் முடங்கியிருந்தது.

ஆனால் இந்த அளவுகோல்களை அப்படியே இறக்குமதி செய்தாலும் உழைப்பாளிக்கு நீதி கிடைக்காது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று யார்க்‌ஷயர் படிவம் கேட்கிறது. ஓட்டு வீட்டில் வாழ்ந்து, கரும்புக் கட்டைத் தலையில் சுமக்கும் கூலிப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியால் என்ன பயன்? எத்தனை கட்டு தூக்க முடிந்தது, இன்று எத்தனை முடிகிறது, மாதத்தில் எத்தனை நாள் கூலி போயிற்று என்று கேட்டால்தான் அவருடைய நோய் தெரியவரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்நோயாளிகளில் பலருக்கு உழைத்த அன்று உடல் தாங்கும். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ எழ முடியாமல் படுத்துவிடுவார்கள். மருத்துவர் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கலாம். “உனக்கு ஒன்றுமில்லை” என்ற சொல்லோடு திருப்பி அனுப்பப்படுபவருக்கு, மேஸ்திரி சூட்டும் பட்டம் சோம்பேறி.

ஊரக வேலைத் திட்டத்தில் தொழிலாளி வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் அனைத்தையும் நாடா பிடித்து அளந்து, குறைந்தால் கூலியைக் குறைத்தது அரசு எந்திரம். குழி ஏன் குறைந்தது என்பதை அறிய அதனிடம் நாடா இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி, பட்டியலிடப்பட்ட 34 நோய்களுக்கே உரியது; முறைசாராத் தொழிலாளிக்கு அதுவும் எட்டாக்கனி.

காப்பீடு அல்ல, பொது மருத்துவம்

ஆந்திராவில் 2020 நவம்பரில், கோவிட்டுக்குப் பிந்தைய சிகிச்சை ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அத்திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தோரின் சிகிச்சைக்கே பணம் தருகிறது. நீண்டகால கோவிட் நோயாளிக்குத் தேவை மாதந்தோறும் கண்காணிப்பு, மூச்சுப் பயிற்சி, ஓய்வு, ஓய்வு காலத்துக்கு வருமானம். தனியார் மருத்துவமனைக்கு இதில் லாபமில்லை. இந்தப் பணியைச் செய்யக்கூடியவை ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான். அவற்றை வலுப்படுத்த வேண்டிய இன்றைய கூட்டணி அரசோ, மதனப்பள்ளி உள்ளிட்ட 10 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளை அரசு–தனியார் கூட்டாண்மைக்குத் திறந்துவிட முடிவெடுத்தது. 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் பொதுச் சுகாதாரத்துக்கு என்று 2017இல் வாக்களித்த மோடி அரசு, அந்த இலக்கை எட்டாமலே ஆண்டைக் கடந்துவிட்டது.

மரணத்தை மறைத்தவர்களிடம் நோயை எண்ணும் நேர்மையை எதிர்பார்க்க இயலுமா? 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை ஒன்றிய அரசு நிராகரித்தது. பின்னர் வெளியான அதன் சொந்தக் குடிமைப் பதிவேடே, 2021இல் பதிவான மரணங்கள் முந்தைய ஆண்டைவிட சுமார் 21 லட்சம் அதிகம் என்று காட்டிக்கொடுத்தது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நீண்டகால கோவிட் குறித்த கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும். உடலுழைப்பை மையமாகக் கொண்ட அளவுகோலைத் தெலுங்கிலும் தமிழிலும் பிற மொழிகளிலும் உருவாக்கி, ஆஷா ஊழியர்களுக்கு உரிய ஊதியத்தோடு பயிற்சி அளிக்க வேண்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்து எழும் சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். மறுநாள் உடல்நிலையை விசாரிக்கும் இரண்டாவது சந்திப்பும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு நோய்க்கால உதவித்தொகையும், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்பும் வழங்கப்பட வேண்டும்.

இவை தாமாக வரப்போவதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் பாகாலா போன்ற மண்டலங்களில் வீடுவீடாகச் சென்று, இழந்த வேலைநாட்களைக் கணக்கெடுத்து அதிகாரிகளின் மேசைமீது வைக்க வேண்டும். அரசு எண்ண மறுத்ததை மக்கள் எண்ணத் தொடங்கட்டும்.