பழைய கார் ஏர்கோன் கேஸ்: பிடித்துவைப்பதா, காற்றில் விடுவதா?

கெலுகோரில் ஏர்கோன் வேலைக்குக் காரைப் பட்டறையில் விடும்போது, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்போம். "உள்ளே மிச்சமிருக்கும் கேஸை என்ன செய்வீங்க?" என்றும் கேட்கவேண்டும்.

ஏன்?

முன்பு கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. மலேசியா 1989-இல் அதில் இணைந்தது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால், 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஒரு காரில் ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். அதைத் திறந்துவிட்டால், சுமார் 300 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்.

மாற்று வழி என்ன?

மீட்பு இயந்திரம் கேஸை உறிஞ்சி, எண்ணெயையும் ஈரத்தையும் பிரித்தெடுக்கும். சுத்தமான கேஸை அதே காரில் மறுபடி நிரப்பலாம்.

பிறகு என்ன சிக்கல்?

இயந்திரத்துக்குப் பணமும் நேரமும் வேண்டும். திறந்துவிட இரண்டும் வேண்டாம். மலேசியா 2020-இல் ஏற்ற கிகாலி திருத்தம், புது கேஸின் உற்பத்தியையும் இறக்குமதியையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஏற்கெனவே கார்களில் இருப்பதைக் காப்பாற்றுவது பட்டறையின் கையில்.

அதனால், "மீட்பு இயந்திரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு சாவியைக் கொடுங்கள்.