நிபந்தனை யார்மேல்?



சென்ற மாதம் நமது சேகரக் கமிட்டியில் கல்வி உதவித்தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மூப்பர் ஒருவர் ஒரு யோசனையை முன்வைத்தார். உதவி பெறும் குடும்பத்தார் மாதத்தில் மூன்று ஞாயிறுகளாவது ஆராதனைக்கு வந்திருக்கவேண்டும், வராதவர்களுக்குத் தொகையை நிறுத்திவிடவேண்டும் என்றார். அவர் கடின மனதுள்ளவர் அல்லர். சபையார் போடும் காணிக்கை வீணாகிவிடக்கூடாதே என்ற பாரத்தினாலேயே அதைச் சொன்னார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். அன்றுமுதல் இந்தக் கேள்வி என் ஜெபவேளையிலும் என்னை விட்டு நீங்கவில்லை.

நமது சிறிய கமிட்டியில் எழுந்த இக்கேள்வியைத்தான் செல்வந்த நாடுகளும் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் பல பத்தாண்டுகளாக விவாதித்து வருகின்றன. ஏழை நாட்டுக்கு உதவி செய்யும்போது, "நீ இன்னின்னபடி நடந்தால்தான் தருவேன்" என்று நிபந்தனை இடலாமா? இதற்கு விடை தேட, ஒரே ஒரு நாட்டின் சரித்திரத்தை உங்கள்முன் வைக்கிறேன். அது ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே, கடற்கரை இல்லாத மலாவி. மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மக்காச்சோள மாவைக் கிண்டி, நம் கேழ்வரகுக் களியைப்போல் உண்பவர்கள்.

1964இல் விடுதலை அடைந்த அந்நாட்டை ஹேஸ்டிங்ஸ் பண்டா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆண்டார். அவர் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மூப்பராயிருந்தவர். ஆயினும் அவர் ஆட்சியில் ஒரே கட்சிதான் இருந்தது. எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறைதான் கிடைத்தது. 1992 மார்ச் மாதம், லெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று, கத்தோலிக்க ஆயர்கள் எழுதிய ஒரு மடல் நாடெங்கும் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. வறுமையையும் அநீதியையும் அது வெளிப்படையாகச் சொன்னது. ஆயர்கள் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு உயிருக்கே அச்சுறுத்தல் ஏற்பட்டது. அவ்வாண்டு மே மாதம் பாரீசில் கூடிய உதவி நாடுகள், மனித உரிமைகள் மதிக்கப்படும்வரை புதிய வளர்ச்சி உதவியை நிறுத்திவைப்பதாக அறிவித்தன. ஆனால் பஞ்ச நிவாரணத்தையும், மொசாம்பிக் போரிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்கான உதவியையும் அவை நிறுத்தவில்லை. 1993 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பல கட்சி ஆட்சியைத் தெரிந்துகொண்டார்கள். 1994இல் பண்டா தேர்தலில் தோற்று, ஆட்சியை விட்டு இறங்கினார்.

ஆகவே நிபந்தனை என்பதே பாவம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த நாட்டுச் சபையே முதலில் பேசியது. வெளியார் அதன் பின்னால் நின்றார்கள். நிபந்தனையின் பாரம் அரண்மனையின்மேல் விழுந்தது. பசித்தவனுடைய தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

இனி அதே நாட்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். கடன் கொடுத்தவர்களின் வற்புறுத்தலால், விவசாயிகளுக்கு மலிவு விலையில் உரம் கொடுக்கும் ஏற்பாடு 1990களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அரசின் தானியச் சேமிப்புக் கிடங்குகளில் 1,60,000 டன்னுக்கும் மேற்பட்ட மக்காச்சோளம் இருந்தது. இதைப் பாதுகாப்பது செலவு மிகுந்தது, 30,000 முதல் 60,000 டன் வரை இருந்தால் போதும் என்று ஆலோசனை கூறப்பட்டது. கடன் சுமையிலிருந்த அரசு ஏறக்குறைய முழுவதையுமே விற்றுவிட்டது. அடுத்த ஆண்டு வெள்ளம் வந்து விளைச்சல் குறைந்தது. 2002இன் தொடக்கத்தில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். "முழுவதையும் விற்கும்படி நாங்கள் சொல்லவில்லை" என்றது நாணய நிதியம். "அவர்கள் பேச்சைக் கேட்டே விற்றோம்" என்றது அரசு. தானியத்தை வாங்கிப் பதுக்கியவர்களோ, விலை ஏறியபின் லாபம் கண்டார்கள். பிரியமானவர்களே, யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது என் நோக்கமல்ல. ஆலோசனை சொன்னவரும் பசிக்கவில்லை, விற்றவரும் பசிக்கவில்லை என்பதையே சிந்தித்துப் பாருங்கள் என்கிறேன்.

2005இல் மீண்டும் விளைச்சல் பொய்த்தது. ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. அப்போது அதிபர் பிங்கு வா முதாரிக்கா, முக்கியமான உதவியாளர்கள் தயங்கியபோதும், உர மானியத்தை மறுபடியும் கொண்டுவந்தார். நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் பெருகியது. 2007இல் மலாவி ஜிம்பாப்வேக்கு மக்காச்சோளத்தை விற்றது. மானியம் என்றென்றைக்குமான தீர்வு அல்ல. அதன் செலவும் அதில் நடந்த முறைகேடுகளும் பின்னர் அந்நாட்டை வாட்டின. ஆனாலும் அந்த நாளின் பசிக்கு ஏற்ற விடையை அந்நாட்டாரே அறிந்திருந்தார்கள்.

"அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் மலாவி பதில் தருகிறது. 2013இல் அரசின் கணக்கு முறையிலிருந்த ஓட்டைகளைப் பயன்படுத்தி, ஆறே மாதங்களில் ஏறத்தாழ 3 கோடி டாலர் களவாடப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அரசு ஊழியர் ஒருவரின் காரில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டது. உதவி நாடுகள் அரசின் கருவூலத்துக்கு நேரடியாகக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தின. கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆயினும் அந்தப் பாரம் திருடியவர்கள்மேல் மாத்திரமா விழுந்தது? மருந்துக்காக அரசு மருத்துவமனை வாசலில் நின்ற தாயின்மேலும் விழுந்தது.

நம் நாட்டாருக்கும் இந்த அனுபவம் உண்டு. 1965, 66ஆம் ஆண்டுகளின் வறட்சியில், அமெரிக்க அதிபர் ஜான்சன் இந்தியாவுக்கான கோதுமையை மாதந்தோறும் அளந்து அளந்தே அனுப்பச் செய்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்றவேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது, வியட்நாம் போரை இந்தியா குறைகூறிய கோபமும் இருந்தது. நன்மையும் கோபமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு வந்தால், வாங்குகிறவன் எதை உண்கிறான்?

இன்னொரு செய்தி என்னை மிகவும் தொட்டது. மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இளம்பெண்களின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் சிறு தொகை கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு, பள்ளிக்கு ஒழுங்காகச் சென்றால்தான் பணம். மறு பிரிவினருக்கு எந்த நிபந்தனையும் இல்லை. நிபந்தனை இட்ட இடத்தில் பள்ளி வருகையும் படிப்பும் கூடுதலாக முன்னேறின. ஆனால் நிபந்தனை இல்லாத இடத்தில் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் வெகுவாகக் குறைந்தன. காரணம் எளிது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்ணுக்கு அங்கே உதவி நிற்கவில்லை. நிபந்தனை உள்ளே இருந்தவர்களை உயர்த்தியது. வெளியே விழுந்துபோனவளைத் தாங்கியதோ நிபந்தனையற்ற கை.

இதை வாசித்தபோது நான் செய்த தவறு ஒன்று என் கண்முன் வந்து நின்றது. ஊழியத்தின் தொடக்க நாட்களில், ஒரு கிராமச் சபையில் ஒரு விதவைத் தாய்க்கு மாதந்தோறும் அரிசி கொடுத்துவந்தோம். அவர்கள் மகன் அதை விற்றுக் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டு, "அவன் குடியை நிறுத்தும்வரை அரிசி இல்லை" என்று சொல்லிவிட்டேன். அதை நீதி என்றே நினைத்தேன். அந்த அம்மா ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது, மெலிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் குறைசொல்லவில்லை. "ஐயா, சபை ரிஜிஸ்தரில் என் பேர் இன்னும் இருக்கா?" என்று மாத்திரம் கேட்டார்கள். குடித்தவன் மகன், நான் நிபந்தனை இட்டதோ தாயின்மேல்.

வேதம் இதைக்குறித்து என்ன போதிக்கிறது? லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்கவேண்டாம் என்று கட்டளையிடப்பட்டவன் நிலத்துக்காரன். சிந்திய கதிரைப் பொறுக்க வரும் எளியவனிடமும் அந்நியனிடமும் அங்கே எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. மோவாபியப் பெண்ணாகிய ரூத் அந்த வழியாகவே பெத்லகேமின் வயலுக்குள் வந்தாள். லூக்கா 17இல் ஆண்டவர் குஷ்டரோகிகள் பத்துப் பேரையும் சுகமாக்கினார். ஒருவனே திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரைக் குறித்து அவர் துக்கத்தோடு கேட்டார். ஆனால் அவர்களுடைய சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வேலை செய்ய மனதில்லாதவனைக் குறித்துப் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைச் சிலர் எனக்கு நினைப்பூட்டலாம். அது முடிந்தும் மனமில்லாதவனைப் பற்றியது, வழியில்லாதவனைப் பற்றியதல்ல. மேலும் பவுல் அந்த விதியை முதலாவது தன்மேல் வைத்து, தன் கைகளினால் உழைத்துக் காட்டினார். எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோதும், பணத்தைத் தனியே சுமந்து செல்லாமல், நற்சாட்சி பெற்ற சகோதரரையும் உடன் வைத்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரம் இதை விளக்குகிறது. கணக்குக் கேட்கப்பட்டது பையைச் சுமந்தவனிடத்தில், பசித்தவனிடத்தில் அல்ல.

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இதுவே. சாவியைக் கையில் வைத்திருப்பவன்மேல் நிபந்தனை இருக்கட்டும். அவன் அரசனானாலும், கொடையாளியானாலும், கமிட்டியானாலும் சரி. தவறினால் அதன் விளைவைத் தான் சுமக்காத ஒருவன், பிறனுடைய அடுப்பின்மேல் நிபந்தனை வைக்காதிருப்பானாக. பெரிய நாடுகளுக்கு இதைச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை. நமது கமிட்டிக்குச் சொல்லும் இடத்தில் இருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் மூன்று காரியங்களை முன்வைப்பேன். கல்விக் கட்டணத்தை நாமே பள்ளியில் நேரடியாகச் செலுத்துவோம். உதவி நிதியின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபைமுன் வாசிப்போம். உதவி பெறும் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், பணத்தை நிறுத்துவதற்குமுன் அந்த வீட்டுக்கு நம்மில் இருவர் போவோம். ஆராதனை வருகைப் பதிவை இதில் சேர்க்கவேண்டாம் என்று அந்த மூப்பரை அன்போடு கேட்டுக்கொள்வேன். அவருடைய கவலை நியாயமானது. அதைக் கமிட்டியின் கணக்குப் புத்தகம் சுமக்கட்டும், பிள்ளையின் புத்தகப் பை சுமக்கவேண்டாம்.

இந்த வாரம் நீங்கள் யாருக்காவது கொடுக்கும்போது, அந்தக் கொடையோடு எதைக் கட்டி அனுப்புகிறீர்கள் என்று ஒருகணம் நின்று பாருங்கள். நாம் தகுதியற்றவர்களாயிருந்தபோதே நமக்குத் தம்மைத் தந்தவருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.