முகூர்த்தத் தையல்: வரி உதவும், தவணை நெருக்கும்

புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனம், வேங்கடவன் ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கைப்பிடித்த தலம் என்பது ஐதீகம். திருப்பதி தேவஸ்தான நிர்வாகத்திலுள்ள அங்குள்ள கல்யாண வேங்கடேஸ்வரர் கோயிலுக்குத் திருமணம் கைகூட வேண்டி வருவோர் பலர். நகரி, புத்தூர் வட்டாரமோ விசைத்தறிக்குப் பெயர் பெற்றது. துணியும் திருமணமும் கூடியுள்ள இப்பகுதியில், மணப்பெண் ஆடை தைப்பது நம் குடும்பப் பெண்களுக்கு நிலையான பிழைப்பாகுமா? மத்திய அரசின் இரு நடவடிக்கைகளைக் கொண்டு இதை ஆராயலாம்.

முதலாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான சரக்கு, சேவை வரி மாற்றப்பட்டது. முன்பு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். இப்போது 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 5,000 ரூபாய் விலையுள்ள ஆயத்த லெஹங்காவுக்கு 600 ரூபாயாக இருந்த வரி 900 ரூபாயாகிவிட்டது. தைக்காத புடவைத் துணிக்கோ விலை எதுவானாலும் 5 சதவீதம்தான். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத தையற்காரர், வாடிக்கையாளர் தரும் துணியைத் தைத்துக் கொடுத்தால் கூலிக்கு வரி வசூலிக்க வேண்டியதில்லை.

இதன் பொருள் என்ன? அன்றாட உடையில் ஆயத்த ஆடையின் போட்டி மேலும் கடுமையாகும். 1,000 ரூபாய்க்கும் 2,500 ரூபாய்க்கும் இடைப்பட்ட ஆடைக்கு வரி குறைந்துவிட்டதல்லவா? திருமணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு ஆகியவற்றுக்கான உடையில்தான் உள்ளூர்த் தையலுக்குச் சாதகம் பிறந்திருக்கிறது. சாதாரண ரவிக்கையோடு நிற்பவர் பின்தங்குவார். தமிழில் ஆரி என்றும் தெலுங்கில் மக்கம் என்றும் வழங்கும் ஊசி வேலையைக் கற்றவர் முன்னேற வழியுண்டு.

ஆனால் அந்த வேலைக்கு நாள்கணக்கில் சட்டத்தின் முன் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரமும் போட்டிக்கு வந்துவிட்டது. கடைக்காரருக்கு உருப்படிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் வரை, கைத்திறன் நம்முடையது, லாபம் பிறருடையது. வாடிக்கையாளரை நேரில் அறிந்து, அளவுப் புத்தகம் வைத்து, சொன்ன தேதியில் கொடுப்பவருக்கே பெயர் நிலைக்கும். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திராது.

இரண்டாவது, கடன். 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையுடன் பயிற்சியும், கருவிகள் வாங்க 15,000 ரூபாயும் உண்டு. ஈடின்றி முதலில் ஒரு லட்சமும் பின்னர் இரண்டு லட்சமும் 5 சதவீத வட்டியில் கடன் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இச்சலுகை. அரசு ஊழியருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் இல்லை. அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள் விண்ணப்பிக்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். முதல் கடனை 18 மாதத்தில் அடைக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கு அசல் மட்டுமே மாதம் சுமார் 5,555 ரூபாய். தவணை மாதந்தோறும் வரும்; முகூர்த்தம் அப்படி வருமா? ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் திருமணம் வைப்பதில்லை. தெலுங்கர்களோ ஆஷாடத்தில் நிறுத்துவார்கள். மூடம் வந்தாலும் நிறுத்துவார்கள். கைநிறைய வேலையிருந்த தை மாதத்தை நம்பி வாங்கிய கடனை, வேலையற்ற ஆடியிலும் கட்டியாக வேண்டும்.

ஆகவே ஒரு லட்சம் கிடைக்கிறதே என்று முழுவதையும் வாங்குவது விவேகமல்ல. கருவிகளுக்கான 15,000 ரூபாய் திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். முதலில் அதைக் கொண்டு தொடங்கலாம். கல், மணி, ஜரிகை நூலுக்கு வாடிக்கையாளரிடமே முன்பணம் பெறலாம். ஜூனில் பள்ளி திறக்கும் சமயம் சீருடைத் தையலை ஏற்றால் ஆடி மாதத் தவணைக்கு ஓரளவு ஈடாகும். பருவத்தில் வந்த வரவில் இரண்டு மாதத் தவணையைத் தனியே ஒதுக்குவது அவசியம்.

அரசும் யோசிக்க வேண்டியதுண்டு. பயிர்க்கடனை அறுவடைக் காலத்தையொட்டித் திருப்பிச் செலுத்த இடமளிக்கிறார்கள். பருவத்தை நம்பிய இத்தொழிலுக்கும் அவ்வாறே தவணையை அமைத்தால், தையற்பெண்கள் ஆடியில் தவணைக்காக நகையை அடகு வைக்க நேராது.