நுரை விசிறுமுன் கீழ்வீட்டாரையும் எண்ணுவோம்

ஸ்காபரோவில் எம்மவர் வாங்கிய வீடுகளிற் பல 1950களிலும் 60களிலும் கட்டப்பட்டவை. அவற்றின் பேஸ்மென்ற் சுவர்களில் வெப்பக்காப்பு என்பது பெயரளவில்தான். எரிவாயுக் கட்டணத்தைக் குறைக்க வழி தேடுவோருக்கு இன்று எடுத்த எடுப்பிற் சொல்லப்படும் தீர்வு ஸ்பிறே ஃபோம் எனப்படும் விசிறு நுரை. நாம் அதற்கு எதிரிகள் அல்லர். ஆனால், வீடு முழுவதற்கும் அதுவே மருந்து என விற்கப்படுவதையும், விசிறும் நாளில் கீழே வாடகைக்கு இருப்பவரை எவரும் எண்ணிப்பாராததையும் எம்மால் ஏற்க இயலவில்லை.

இந்நாடு நுரையால் ஒருமுறை சூடுகண்டது. 1970களின் எண்ணெய் நெருக்கடியின் பின், மத்திய அரசே மானியம் வழங்கி வீடுகளுக்கு வெப்பக்காப்பு இடச்செய்தது. அப்போது யூரியா ஃபோர்மல்டிகைட் நுரை ஏராளமான வீடுகளின் சுவர்களுக்குள் செலுத்தப்பட்டது. அதிலிருந்து கசிந்த வாயுவைப் பற்றி முறைப்பாடுகள் எழவே, 1980 டிசம்பரில் அது தடை செய்யப்பட்டது. ஒன்ராறியோவில் வீடு வாங்கும்போது கையொப்பமிடும் வழமையான ஒப்பந்தப் படிவத்தில் அந்நுரை பற்றிய வாசகம் ஒன்று உண்டு. வாசித்தவர் எத்தனை பேரோ! இன்றைய நுரை பொலியூரெதேன், வேறு பொருள். ஆயினும், ஒட்டிய பின் எளிதில் அகற்ற முடியாது என்பது இதற்கும் பொருந்தும்.

இரு பீப்பாய்களில் வரும் திரவங்கள் விசிறு கருவியின் முனையிற் கலந்து, சுவரிற் பட்டதும் பொங்கி இறுகுகின்றன. அவற்றுள் ஒன்றிலுள்ள ஐசோசயனேற் ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒழுங்காக இறுகிய நுரையில் அந்த அச்சம் இல்லை. கலவை பிசகினால் துர்நாற்றம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவேதான் விசிறும் வேளையிலும், அதன்பின் ஏறத்தாழ 24 மணித்தியாலங்களுக்கும் வீட்டில் எவரும் இருக்கலாகாது என்பது பொது நடைமுறை. 'எவரும்' என்பதில் கீழ்வீட்டாரும் அடக்கம். கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள் என்று அவர்களுக்குச் சொல்வது போதாது. பல வீடுகளில் மேலும் கீழும் ஒரே சூடாக்கியின் குழாய்களாலேயே காற்றைப் பெறுகின்றன. அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராத ஒருவர் வீட்டுக்காரருடன் முரண்பட அஞ்சி, பிள்ளையோடு அங்கேயே இருந்துவிடுவார். நாம் எல்லோரும் ஒருகாலத்தில் எவரோ ஒருவரின் பேஸ்மென்றில் இருந்தவர்கள்தாமே!

எங்கே எதனைத் தெரிவது? மூடிய துளை நுரை ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-6 காப்புத் தரும். ஈரத்தையும் பெரிதும் தடுக்கும். பேஸ்மென்ற் சுவருக்கும், அச்சுவரின் மேல் மரத்தளம் வந்து அமரும் விளிம்புக்கும் அது ஏற்றது. அவ்விளிம்பினூடாகப் புகும் குளிர்காற்று கொஞ்சநஞ்சமன்று. திறந்த துளை நுரை அங்குலத்துக்கு ஆர்-3.5 அளவே தரும். விலை குறைவு, ஆனால் ஈர ஆவியை உள்ளே விடும். கூரைக்குக் கீழுள்ள பரணுக்கு நுரையே வேண்டியதில்லை. இடைவெளிகளை அடைத்து, செலுலோஸ் தூவினால் மிகக் குறைந்த செலவில் வேலை முடியும். பிரித்தானியாவில் கூரையின் உட்புறம் நுரை விசிறிய வீடுகளுக்குச் சில வங்கிகள் அடமானக் கடன் தர மறுக்கின்றன. மரம் உக்கியுள்ளதா என்று பார்க்க வழியில்லை என்பதே காரணம். லண்டனில் உறவினர் உள்ளோர் இதனைச் சொல்லி வையுங்கள். சுவரினூடாக நீர் கசிந்தால் முதலில் அதனைத் திருத்த வேண்டும்.

நுரை தீப்பற்றும் பொருள். மனிதர் வாழும் இடத்தில் அரை அங்குல ட்றைவோல் கொண்டு அதனை மூடவேண்டும். செலவு மிச்சமென்று வெறுமனே விட்ட சுவரோரம் ஒருவரை உறங்கவைப்பதற்கு வாடகை வாங்குவது எவ்வகையிலும் நியாயமன்று.

விசிறுபவரிடம் அவருடைய தகுதிச் சான்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து வாங்கிய கையொப்பத்தை, ஒப்பந்தப் பிரதி கிடைத்த 10 நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டம் இடமளிக்கிறது. அந்த 10 நாட்களும் கழியுமுன் வேலையைத் தொடங்க விடாதீர்கள். நுரைக்கான செலவைக் கணக்கிடும்போது, கீழ்வீட்டார் வெளியே தங்கும் இரவுகளின் செலவையும் அதே தாளில் எழுதுங்கள். விசிறும் திகதியை ஒரு வாரம் முன்னதாகவே அவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.